கார்லோவி வாரி போன்ற வெந்நீர் ஊற்று நகரத்தில் விடுமுறைக்குப் போய் என்ன செய்வார்கள்?

நிலத்தடியிலிருந்து தாது உப்புகளோடு வரும் ஊற்றுநீரைக் குடித்தும் அதில் குளித்தும் ஓய்வெடுப்பதற்காகவே வளர்ந்த ஊர் இது. செக் நாட்டில் இருக்கிறது. 2021-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்த 11 ஐரோப்பிய ஊற்று நகரங்களில் ஒன்று.

மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடாகி, உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. கூடவே கரியமில வாயுவும் சேர்கிறது. குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்தால் சீறுமே, அதே மாதிரிதான் வாயு நீரை மேலே தள்ளுகிறது. வ்ரீட்லோ என்ற ஊற்று சுமார் 73 டிகிரி சூட்டில் 12 மீட்டர் வரை பீய்ச்சியடிக்கும்!

குடிப்பதற்கென்றே தட்டையான பீங்கான் கோப்பை விற்கிறார்கள். அதன் கைப்பிடியே உறிஞ்சுகுழல். தூண் மண்டபங்களில் ஊற்றுநீரை அதில் பிடித்து, மெதுவாக நடந்தபடி மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். உப்பும் இரும்புமாகச் சுவை முதலில் முகம் சுளிக்க வைக்கும். அவசரப்படாத அந்த நடைதான் இங்கே பாதி சுகம் என்பேன்.

பலர் நினைப்பதுபோல இது எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கிற தண்ணீர் அல்ல: இதிலுள்ள சோடியம் சல்பேட் பேதியாக்கும், அதனால் சிகிச்சையாகக் குடிப்பவர்கள் மருத்துவர் சொன்ன அளவோடு நிறுத்துகிறார்கள்.