கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘ஆர்’ என்றால்?

கேள்வி: சிறுநீர்த் தொற்று என்று அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். சிறுநீரில் உள்ள கிருமியை லேப்பில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் ரிப்போர்ட் மூன்று நாள் கழித்து வந்தது. அதில் பாதி மருந்துக்கு நேராக ‘ஆர்’. அவர் உடம்பு மருந்தை ஏற்கவில்லையா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இல்லைம்மா, அடங்காதது கிருமிதான், அம்மாவின் உடம்பு இல்லை. ‘ஆர்’ போட்ட மருந்து அந்தக் கிருமியிடம் எடுபடாது, ‘எஸ்’ போட்டது எடுபடும். கிருமி லேப் தட்டில் வளரவே ஒரு நாள் ஆகும், அப்புறம் அதைப் புதுத் தட்டில் பூசி, மருந்து தோய்ந்த சின்னக் காகித வில்லைகளை வைத்து, 35 டிகிரி சூட்டில் 16 முதல் 18 மணி நேரம் விட்டு, வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பார்கள். க்ளெப்சியெல்லா போன்ற சில கிருமிகள் மருந்தைச் சிதைக்கும் நொதியையே தயாரிக்கும், அந்த மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடும். அதனால் அம்மாவைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவுங்கள். ‘எஸ்’ மருந்துகளில் எது, எத்தனை நாள் என்பதை டாக்டரிடமே கேளுங்கள். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கவே வேண்டாம்.