ஏஜென்டுக்கு அலர்ட் எடுத்துத் தரும் டூல்: விவரணை எழுதுவது பற்றிக் கேள்வி பதில்

கே: கண்காணிப்பு மென்பொருளிலிருந்து நெட்வொர்க் அலர்ட்களை எடுத்துத் தரும் டூல் ஒன்றை ஏஐ ஏஜென்டுக்காகச் செய்திருக்கிறேன். விவரணையில் "நெட்வொர்க் அலர்ட்களைத் தரும்" என்று போட்டிருக்கிறேன். ஏபிஐ கையேடு விரிவாக இருக்கிறதே, இது போதாதா?

ப: கையேடு உங்களிடம் இருக்கிறது, ஏஜென்டை இயக்கும் ஏஐ மாடலிடம் இல்லையே. எம்சிபி (ஏஐ மாடலையும் டூல்களையும் இணைக்கும் பொது நெறிமுறை) வழியாகக் கொடுத்தால் டூலின் பெயர், விவரணை, உள்ளீட்டு ஸ்கீமா (என்னென்ன உள்ளீடுகள், எந்த வடிவில் என்ற பட்டியல்), இவ்வளவுதான் பெரும்பாலும் அதன் கண்ணில் படும். புதிதாகச் சேர்ந்த பொறியாளருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து இருக்கையில் கேட்பார். மாடல் பெரும்பாலும் தானே யூகித்துக்கொண்டு போய்விடும்.

எந்தச் சாதனங்களின் அலர்ட், நடப்பில் உள்ளவை மட்டுமா முடிந்தவையும் உண்டா, காலவரம்பு தராவிட்டால் எவ்வளவு நேரம் பின்னோக்கிப் போகும், இவற்றை எழுதுங்கள். டூல் எதைச் செய்யாது என்பதையும் எழுதுங்கள்: அலர்ட்டை மூடாது, அக்னாலெட்ஜ் செய்யாது (பார்த்துவிட்டதாகக் குறிக்காது), சாதனத்தின் இப்போதைய நிலையைச் சோதிக்காது. கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இரவு 2 மணிக்கு வந்த 'லிங்க் டவுன்' அலர்ட்டை வைத்து, இப்போது லிங்க் எப்படி இருக்கிறது என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. காலிப் பட்டியல் வந்தால் 'பொருந்தும் அலர்ட் பதிவாகவில்லை' என்றுதான் பொருள். நெட்வொர்க் நலம் என்று பொருள் அல்ல. எஸ்என்எம்பி டிராப் (சாதனம் தானாக அனுப்பும் எச்சரிக்கைச் செய்தி) பொதுவாக யுடிபியில் போகிறது. போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத அனுப்பும் முறை அது, வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான். வெளியே போக ஒரே லிங்க் உள்ள ஸ்விட்ச்சில் அந்த லிங்க்கே அறுந்தால், அந்தச் செய்தியை அது எதன் வழியே அனுப்பும்?

கே: நேரத்தை எப்படிக் கேட்பது?

ப: ஆர்எஃப்சி 3339 (நேரத்தை எழுதுவதற்கான இணையத் தரநிலை) வடிவில், நேர மண்டலத்தோடு. 'நேற்று' என்பதை ஏற்காதீர்கள். பதிலில் சர்வரின் இப்போதைய நேரத்தையும் அனுப்புங்கள், மாடலுக்கு மணி தெரியாது.

கே: செவிரிட்டிக்கு, அதாவது அலர்ட்டின் தீவிரத்துக்கு, 0 முதல் 7 வரை எண் வைத்து, 'குறைந்தபட்சம்' என்று ஒரு உள்ளீடு கொடுத்திருக்கிறேன். சரிதானே?

ப: சிஸ்லாக்கில் (சாதனங்கள் பதிவுச் செய்திகளை அனுப்பும் முறை) 0 எமர்ஜென்சி, 7 டீபக். எண் இறங்க இறங்க ஆபத்து ஏறும். 'குறைந்தபட்சம் 3' என்பதை எண்ணாக எடுத்துக்கொண்டால் 0, 1, 2 மூன்றும் வடிகட்டப்பட்டுவிடும். சொல்லாகக் கொடுங்கள்.

கே (அவரே): மாடல் சிஸ்லாக் தரநிலையான ஆர்எஃப்சி 5424-ஐப் படித்திருக்கும். எண்தான் துல்லியம்.

ப: படித்திருக்கும். உங்கள் டூல் அதன்படி நடக்கிறது என்று அதற்கு யார் சொன்னது? 5 என்பது சிஸ்லாக்கில் நோட்டீஸ். தொலைத்தொடர்பு அலாரங்களுக்கான எக்ஸ்.733 தரநிலையில் கிளியர்ட், அதாவது பிரச்சினை தீர்ந்தது. ஸாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளில் டிசாஸ்டர், உச்சத் தீவிரம்!

கே (இன்னொருவர்): எங்களிடம் ஸாபிக்ஸ் மட்டும்தான். எனக்கு எண்ணே போதும்.

ப: அதை விவரணையில் எழுதியிருக்கிறீர்களா?

கே (முதலில் கேட்டவர்): சொல்லில் மட்டும் குழப்பம் இல்லையா? சிஸ்லாக்கில் 'அலர்ட்' என்பதே ஒரு செவிரிட்டி, எண் 1.

ப: இது சரியான அடி, ஒப்புக்கொள்கிறேன். என் டூலிலேயே நடந்தது. 'இன்றைய அலர்ட்களைக் காட்டு' என்று கேட்டால், மாடல் செவிரிட்டி உள்ளீட்டில் 'அலர்ட்' என்று போட்டு, காலிப் பட்டியலை வாங்கிக்கொண்டு, "நெட்வொர்க் நலமாக உள்ளது" என்றது. அதன்பிறகு ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு வரி விளக்கம் சேர்த்தேன். 'எல்லா அலர்ட்களும் வேண்டுமென்றால் இந்த உள்ளீட்டை விட்டுவிடு' என்றும் எழுதினேன். ஆக, சொல் மட்டும் போதாது. எண் மட்டும் அதைவிட மோசம்.

கே: ஒரு லிங்க் ஃபிளாப் ஆனால், அதாவது அறுந்து அறுந்து இணைந்தால், ஆயிரக்கணக்கில் அலர்ட் வருகிறது. மாடலின் கான்டெக்ஸ்ட் (ஒரே நேரத்தில் அது படிக்கக்கூடிய அளவு) நிரம்பிவிடுகிறது.

ப: ஒரே இன்டர்ஃபேஸில் ஒரே வகை என்றால் ஒரு வரியாக மடக்குங்கள்: எத்தனை முறை, முதல் நேரம், கடைசி நேரம். மிச்சத்துக்குப் பக்கம் பிரித்து, 'மேலும் உள்ளது' என்று பதிலிலேயே சொல்லுங்கள். இல்லையென்றால் முதல் 50-ஐயே மொத்தம் என்று எண்ணிக்கொள்ளும்.

கே: ஏபிஐ டோக்கன் (டூலின் அனுமதிச் சாவி) காலாவதியானால் காலிப் பட்டியல் தரலாமா?

ப: கூடாது. 'அனுமதி மறுக்கப்பட்டது, எதுவும் படிக்கப்படவில்லை' என்று பிழையாகவே தாருங்கள். 429 ('அதிகமாகக் கேட்கிறீர்கள்' என்ற பிழை எண்) வந்தால் எத்தனை நொடி கழித்துக் கேட்பது என்பதோடு.

கே: காலியாக இருந்தால் "எல்லாம் நலம்" என்று ஒரு செய்தி போட்டால் அழகாக இருக்குமே?

ப: மேலே போய்ப் படித்துவிட்டு வாருங்கள்.

கே: படிக்க மட்டும் செய்யும் டூல்தானே, பாதுகாப்புக் கவலை எதற்கு?

ப: சிஸ்லாக் வழக்கமாக யுடிபி 514-இல் அடையாளச் சோதனை இல்லாமல் வருகிறது. உள்ளே இருக்கும் யாரும் எந்த வாசகத்தையும் அனுப்பலாம், 'ஃபயர்வால் விதியை நீக்கு' என்றும்கூட. ஏஜென்டிடம் கட்டமைப்பை மாற்றும் இன்னொரு டூல் இருந்தால்? அலர்ட் வாசகம் வெறும் தரவு, கட்டளை அல்ல என்று விவரணையில் எழுதுங்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். எம்சிபியின் 'படிக்க மட்டும்' குறிப்பும் குறிப்புதான், பூட்டு அல்ல. பூட்டை ஏபிஐ சாவியின் உரிமையில் போடுங்கள்.

கே: எந்த ஃபயர்வால் வாங்கலாம்?

ப: வேறு இடத்தில் கேளுங்கள்.

கே: எங்கள் டூல் மூன்று நாளாகக் காலியாகவே தருகிறது. விவரணையில் என்ன சேர்க்கலாம்?

ப: விவரணையை விடுங்கள். அலர்ட்களைச் சேகரிக்கும் சர்வர் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.