தானாக வளரும், தானாக மீளும் விஎம் குழுக்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

விஎம் என்பது கிளவுட்டில் வாடகைக்கு ஓடும் மெய்நிகர் கணினி. கூட்டத்துக்கு ஏற்ப விஎம்களைக் கூட்டிக் குறைத்து, கெட்டதை மாற்றிக் கொடுப்பது குரூப். கூகுள் கிளவுட்டின் மேனேஜ்டு இன்ஸ்டன்ஸ் குரூப், அமேசானின் ஆட்டோ ஸ்கேலிங் குரூப் இரண்டிலும் பல வருடம் இரவுப் பணி பார்த்தவன் நான். இந்த இரண்டைப் பற்றியும் கேளுங்கள். மைக்ரோசாஃப்டின் அஷூர் ஸ்கேல் செட் கேள்விகளை அதிலேயே வேலை பார்க்கும் ஒருவரிடம் கேட்பதுதான் உங்களுக்கு நல்லது.

கல்லூரி மாணவி: செல்ஃப் ஹீலிங் என்கிறார்களே அண்ணா, விஎம்முக்குள் என்ன ரிப்பேர் நடக்கிறது?

ஒரு ரிப்பேரும் நடப்பதில்லை. அந்த விஎம்மை அழித்துவிட்டு, அதே டெம்ப்ளேட்டிலிருந்து (விஎம் எப்படி இருக்க வேண்டும் என்ற அச்சிலிருந்து) இன்னொன்றை எழுப்புகிறது. கூகுளில் அதே பெயரோடு வரும், ஆனால் பூட் டிஸ்க் (இயங்குதளம் இருக்கும் டிஸ்க்) புதிது. அமேசானில் இன்ஸ்டன்ஸ் ஐடியே மாறிவிடும். ஆகவே, புது இயந்திரம் வந்தால் எந்தக் கோளாறு தீருமோ அது மட்டும்தான் இதனால் தீரும். கர்னல் (இயங்குதளத்தின் மையம்) தொங்கிப் போனது, மெமரி கசிந்து ப்ராசஸ் உறைந்தது, லாக் எழுதி எழுதி டிஸ்க் நிரம்பியது, இப்படி. டெம்ப்ளேட்டிலேயே பிழை இருந்தால் அந்தப் பிழையோடுதான் மறுபடியும் பிறக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படி, பாதிக் கேள்விக்கு நீயே பதில் சொல்லிவிடுவாய்.

கோவை, பேக்கெண்ட் வேலை: கூகுள் கிளவுட்டில் புது குரூப் போட்டேன். சில நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா விஎம்மும் அழிந்து அழிந்து வருகிறது. எஸ்எஸ்எச் பண்ணி உள்ளே போய்ப் பார்ப்பதற்குள் ஆளே இல்லை.

முதலில் குரூப்பிலிருந்து ஆட்டோஹீலிங்கை, அதாவது நோயாளி விஎம்மை அழித்து மாற்றும் வசதியை, எடுத்துவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும் வரை நீங்கள் எதையும் பார்க்க முடியாது. அப்புறம் இந்த வரிசையில் தேடுங்கள்.

ஃபயர்வால். கூகுளின் ஹெல்த் செக் (விஎம் நலமா என்று அவ்வப்போது கேட்கும் கேள்வி) 130.211.0.0/22, 35.191.0.0/16 என்ற இரண்டு முகவரித் தொகுதிகளிலிருந்து வருகிறது. அவற்றுக்கு உங்கள் போர்ட்டைத் திறந்து விடாவிட்டால் செக் விஎம்மைத் தொடவே தொடாது. ஆப் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் குரூப்பின் கணக்கில் அது செத்த விஎம். என்னிடம் இந்தப் புகாரோடு வந்தவர்களில் மிகப் பலருக்குக் காரணம் இதுதான்.

அடுத்து, அந்தக் கேள்விக்குப் பதில் தரும் உங்கள் ஹெல்த் பக்கம் என்ன பதில் தருகிறது என்று பாருங்கள். எச்டிடிபி செக்குக்கு 200, அதாவது 'சரி' என்ற பதில், வேண்டும். லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிட்டு 302 கொடுத்தால் அது தோல்விதான்.

மூன்றாவது, இனிஷியல் டிலே, அதாவது புது விஎம் எழுந்து நிற்பதற்குக் கொடுக்கும் அவகாசம். விஎம் எழுந்ததிலிருந்து ஆப் முதல் 200 கொடுக்கும் வரை எத்தனை விநாடி ஆகிறது? உத்தேசமாகச் சொல்லாதீர்கள், கடிகாரம் வைத்து மூன்று தடவை அளந்து பாருங்கள். ஆறு நிமிடம் எடுக்கும் ஜாவா ஆப்புக்கு 300 விநாடி கொடுத்தால் அது எழுந்து நிற்பதற்குள் கொன்றுவிடும். அமேசானில் இதன் பெயர் கிரேஸ் பீரியட். கன்சோலில் (இணையப் பக்கத்தில்) உருவாக்கினால் 300 விநாடி தானாக வரும். ஏபிஐ (நிரலிலிருந்து கட்டளையிடும் வழி) வழியாக உருவாக்கி, மதிப்பு கொடுக்காமல் விட்டால் பூஜ்யம்.

டிலேயைக் கூட்டுவது உடனடி நிவாரணம்தான். ஆறு நிமிடம் ஏன் ஆகிறது என்று பாருங்கள். ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்ட்டில் பேக்கேஜ் எல்லாம் இறக்கி நிறுவிக்கொண்டிருந்தால், அவற்றை முன்கூட்டியே இமேஜில் (விஎம் எழும் டிஸ்க்கின் மூல நகலில்) ஏற்றி வைத்துவிடுங்கள். கூட்டம் வரும் நேரத்தில் பேக்கேஜ் சர்வர் படுத்துவிட்டால் உங்கள் குரூப் ஒரு விஎம்கூட வளராது.

திட்ட மேலாளர்: எந்த கிளவுட்டில் ஆட்டோஸ்கேலிங் மலிவு?

இரண்டிலும் ஆட்டோஸ்கேலிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை, ஓடும் விஎம்முக்குத்தான் பணம். உங்கள் டிராஃபிக்கை விலைக் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்.

கல்வி நிறுவனம் ஒன்றின் ஐடி பிரிவு: எங்கள் ரிசல்ட் பக்கம் காலை 10 மணிக்குத் திறக்கும். ஆட்டோஸ்கேலிங் போட்டிருந்தும் 10:01-க்கு விழுந்துவிட்டது. அமேசான்தான். எங்கே தவறு?

நிமிடங்களைக் கூட்டிப் பார்ப்போம். டார்கெட் டிராக்கிங் (சிபியு போன்ற ஒரு அளவைக் குறித்த மட்டத்தில் வைத்திருக்கும் விதி) உருவாக்கும் அலாரம், ஒரு நிமிட அளவீடு மூன்று தொடர்ந்து எல்லையைத் தாண்டினால்தான் அடிக்கும். மூன்று நிமிடம் போயிற்று. டீடெயில்டு மானிட்டரிங் போடாவிட்டால் அளவீடே ஐந்து நிமிடத்துக்கு ஒன்றுதான், இன்னும் மோசம். விஎம் எழ ஒன்றிரண்டு நிமிடம், ஆப் எழ இரண்டு நிமிடம், லோடு பேலன்சர் (வரும் வேலையை விஎம்களுக்குப் பகிர்ந்து அனுப்புவது) அதை ஏற்க அரை நிமிடம். உதவி வரும்போது மணி 10:08. கூட்டம் 10:00-க்கே வாசலில் நின்றது.

நேரம் தெரிந்த கூட்டத்துக்கு அலாரத்தை நம்பக் கூடாது. ஷெட்யூல் போடுங்கள். 9:30-க்குக் குறைந்தபட்ச எண்ணிக்கையை உயர்த்துங்கள், மதியம் இறக்குங்கள். இந்த வசதி இரண்டு கிளவுட்டிலும் இருக்கிறது.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். ரிசல்ட் ஒருமுறை வந்தால் மாறாத தகவல். தேர்வு எண்ணுக்கு ஒரு சிறு கோப்பாக முன்பே தயாரித்து, எண்ணோடு பிறந்த தேதியையும் சேர்த்து எளிதில் ஊகிக்க முடியாத பெயர் கொடுத்து, சிடிஎன்னில் (கோப்புகளைப் பல ஊர்களில் நகல் வைத்து வழங்கும் சேவையில்) வைத்துவிட்டால் பத்து மணிக்கு உங்களுக்கு விஎம்மே தேவைப்படாது. பிள்ளைகள் நெஞ்சு படபடக்கக் காத்திருக்கும் பக்கம் அது. அது விழவே கூடாது.

பெங்களூர், டெவ்ஆப்ஸ்: சார், ஹெல்த் பக்கத்தில் டேட்டாபேஸ், ரெடிஸ் (நினைவகச் சேமிப்பு), பேமென்ட் ஏபிஐ எல்லாவற்றையும் சோதித்துவிட்டுத்தான் 200 தருகிறோம். ஆட்டோஹீலிங்குக்கும் அதே பக்கம்தான். சரிதானே?

தயவுசெய்து இன்றைக்கே அதை மாற்றுங்கள்.

லோடு பேலன்சர் கேட்பது, "இப்போது உனக்கு வேலை அனுப்பலாமா?" ஆட்டோஹீலிங் கேட்பது, "உன்னைக் கொன்றால் நிலைமை சரியாகுமா?" இரண்டும் வேறு வேறு கேள்விகள். டேட்டாபேஸ் படுத்தால் முதல் கேள்விக்கு "வேண்டாம்" என்ற பதில் பொருந்தலாம். இரண்டாவதற்கு "ஆகும்" என்று சொல்வது பொய். உங்கள் விஎம்மைக் கொன்றால் டேட்டாபேஸ் எழுந்து வராது.

நான் முன்பு இருந்த இடத்தில் நடந்தது இது. பண்டிகைத் தள்ளுபடி இரவு. டேட்டாபேஸ் ஃபெயில் ஓவர் (மாற்று சர்வருக்கு மாறுவது) ஆக இரண்டு நிமிடம் பிடித்தது. அந்த இரண்டு நிமிடத்தில் எல்லா விஎம்மும் ஒரே நேரத்தில் நோயாளி ஆகி, எல்லாம் அழிந்தன. டேட்டாபேஸ் திரும்பி வந்தபோது பேச ஒரு விஎம்கூட இல்லை. புதியவை எழுந்து, கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) சூடாகி, கடை திறக்க முக்கால் மணி நேரம். இரண்டு நிமிடக் கோளாறை முக்கால் மணி நேரம் ஆக்கியது அந்த ஹெல்த் பக்கம்தான். அதை எழுதியவன் நான்.

அதே பெங்களூர் நண்பர்: ஆனால் சார், கனெக்‌ஷன் பூல் (டேட்டாபேஸோடு திறந்து வைத்திருக்கும் இணைப்புகள்) கெட்டுப்போன விஎம்மை இந்தச் செக்தான் எத்தனையோ தடவை எங்களுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறது. எடுத்துவிட்டால் அதை யார் கண்டுபிடிப்பது?

நியாயமான கேள்வி. ஒரு விஎம்மின் பூல் மட்டும் கெட்டது என்றால் அது அந்த விஎம்மின் நோய்தான். ஆனால் அதற்கு மருந்து விஎம்மை அழிப்பதல்ல. ப்ராசஸ் தானே கண்டுபிடித்து வெளியேறட்டும், லினக்ஸின் சிஸ்டம்டி மறுபடி எழுப்பும், விநாடிகளில் முடிந்துவிடும். விஎம்மை அழிப்பதைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஹைதராபாத்திலிருந்து ஒருவர்: குறுக்கிடுகிறேன். ஹெல்த் பக்கத்தை "எப்போதும் 200" என்று எளிமையாக்கி நாங்கள் மாட்டிக்கொண்டோம். அது தனி த்ரெட்டில் (ப்ராசஸுக்குள் தனியாக ஓடும் இழையில்) ஓடியது. வேலை செய்யும் த்ரெட்கள் எல்லாம் பூட்டிக்கொண்டு நின்றபோதும் அது மட்டும் 200 சொல்லிக்கொண்டே இருந்தது.

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். இதில் என் கருத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். ஹெல்த் பக்கம் எளிமையாக இருக்கட்டும், ஆனால் வேலை செய்யும் அதே த்ரெட் வழியாகப் போகட்டும்.

பெங்களூர்: அப்படியானால் கூட்டம் அதிகமான நேரத்தில் ஹெல்த் கேள்வியும் வரிசையில் நின்று டைம் அவுட் ஆகும். உச்ச நேரத்தில் விஎம்மைக் கொன்றால் மிச்சத்தின் தலையில் பாரம் ஏறாதா?

ஏறும். ஒன்று விழ, அதன் பாரத்தில் அடுத்தது விழ, வரிசையாகச் சரியும். அதனால்தான் இரண்டு செக் தனித்தனியாக வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். லோடு பேலன்சரின் செக் அவசரக்காரனாக இருக்கலாம். ஐந்து விநாடிக்கு ஒருமுறை கேட்டு, இரண்டு தடவை பதில் இல்லை என்றால் ஒதுக்கி வைக்கட்டும். மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வரும். ஆட்டோஹீலிங் செக் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். நான் வைப்பது முப்பது விநாடிக்கு ஒருமுறை, பத்துத் தோல்வி. ஐந்து நிமிடம் தொடர்ந்து பேச்சு மூச்சு இல்லை என்றால், அது பாரம் அல்ல, பூட்டு.

அமேசானில் குரூப்பின் செக்கை ஈஎல்பி (அமேசானின் லோடு பேலன்சர்) என்று வைத்தால் லோடு பேலன்சரின் தீர்ப்பே கொல்லும் தீர்ப்பாகிவிடும். அதைப் போடுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

ஹைதராபாத்: கொன்றாலும் புதிது வரத்தானே போகிறது? ஏன் இவ்வளவு பயம்?

கொல்வது உங்கள் கையில் இருக்கிறது. புதிது கிடைப்பது உங்கள் கையில் இல்லை. 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் வடக்கு வர்ஜீனியா ரீஜியனில் டைனமோடிபி என்ற டேட்டாபேஸ் சேவையின் டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றும் அமைப்பு) கோளாறில் தொடங்கியது, புது இசி2 (அமேசானின் விஎம் சேவை) விஎம் எழுப்புவதையே பல மணி நேரம் முடக்கிவிட்டது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த விஎம்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அந்த நேரத்தில், பின்னால் இருக்கும் வேறு ஏதோ படுத்ததற்காகத் தன் நல்ல விஎம்களைக் கொன்ற குரூப்பின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

சென்னை: என் விஎம்கள் அழிந்து அழிந்து வருகின்றன. உதவி தேவை.

மேலே கோவைக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள். ஃபயர்வாலில் தொடங்குங்கள்.

மதுரை: சிபியு 25 சதவீதம்தான். பக்கம் மட்டும் மெதுவாக இருக்கிறது. ஸ்கேலும் ஆகவில்லை. எல்லையை 20-க்கு இறக்கட்டுமா?

இறக்காதீர்கள், இன்னும் கெடும். சிபியு சும்மா இருக்கிறது என்றால் த்ரெட்கள் வேறு எதற்கோ காத்திருக்கின்றன, பெரும்பாலும் டேட்டாபேஸுக்கு. டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் என்றால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அதில் இயல்பாக அனுமதி 100 கனெக்‌ஷன், அதில் 3 நிர்வாகிக்கு ஒதுக்கியது. ஜாவாவின் ஸ்பிரிங் பூட்டோடு வரும் ஹிக்காரி பூல் இயல்பாக ஒரு விஎம்முக்கு 10 எடுக்கும். ஒன்பது விஎம் வரை 90. பத்தாவது விஎம்முக்கு முழுப் பூல் கிடைக்காது. பதினொன்றாவதற்கு ஒன்றுமே கிடைக்காது. விஎம் கூடக் கூட வரிசைதான் நீளும். போதாததற்கு ஹெல்த் பக்கத்தில் டேட்டாபேஸ் சோதனையும் இருந்தால் அந்தப் பதினொன்றாவது பிறந்து பிறந்து சாகும். "அழிந்து அழிந்து வருகிறது" என்று எழுதுபவர்கள் இதையும் பார்க்க வேண்டும். பிஜிபவுன்சர் (சில இணைப்புகளைப் பல விஎம்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது) போன்ற ஒன்றை இடையில் வையுங்கள். குரூப்பின் அதிகபட்ச எண்ணிக்கையை டேட்டாபேஸ் தாங்குவதை வைத்து முடிவு செய்யுங்கள். வரிசைதான் உங்கள் பிரச்சினை என்றால் வரிசையின் நீளத்தை வைத்து ஸ்கேல் செய்யுங்கள்.

ஃப்ரீலான்சர்: ராத்திரி பில்லை மிச்சம் பிடிக்க அமேசான் குரூப்பில் இருந்த விஎம்மை ஸ்டாப் செய்தேன். காலையில் அது இல்லை, புதிது இருக்கிறது. அதில் இருந்த அப்லோடு கோப்புகள் எங்கே?

ஸ்டாப் ஆன விஎம்மைக் குரூப் நோயாளி என்று எண்ணி அழித்து, புதிது எழுப்பிவிட்டது. கோப்புகள் அந்த விஎம்மின் ரூட் டிஸ்க்கில் இருந்திருந்தால் பெரும்பாலும் அதோடு போயிருக்கும். ஸ்னாப்ஷாட் ஏதாவது இருக்கிறதா என்று உடனே பாருங்கள். இனி ராத்திரிக்கு டிசையர்டு (வேண்டிய) எண்ணிக்கையையும் குறைந்தபட்சத்தையும் பூஜ்யமாக்கினால் போதும். கோப்புகள் எஸ்3-இல் (அமேசானின் கோப்புச் சேமிப்பில்) இருக்கட்டும். குரூப்பில் உள்ள விஎம்மில் எதையும் சேமிக்காதீர்கள். கையால் உள்ளே போய்த் திருத்திய கான்ஃபிக்கும் இதில் சேர்த்திதான். டெம்ப்ளேட்டில் இல்லாத எதுவும் நாளைக்கு இருக்காது.

நேர்காணலுக்குத் தயாராகும் தம்பி: குபெர்னெட்டிஸில் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருளில்) லைவ்னஸ், ரெடினஸ் வித்தியாசம் என்ன?

பெங்களூர் நண்பரோடு நடந்த வாதத்தைப் படி. கொல்லலாமா என்பது லைவ்னஸ், வேலை அனுப்பலாமா என்பது ரெடினஸ். மற்ற குபெர்னெட்டிஸ் கேள்விகளை இங்கே எடுக்கவில்லை.

திருச்சி: குரூப் லூப்பில் ஓடுகிறது, விஎம் நிற்கவே மாட்டேன் என்கிறது...

மேலே பாருங்கள். ஃபயர்வால், 200, இனிஷியல் டிலே, அப்புறம் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் எண்ணிக்கை. இந்தக் கேள்வியை இனி எடுக்க மாட்டேன்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: நோயாளி விஎம்மை அழிப்பதற்கு முன் ஆராய வழி உண்டா? ஒவ்வொரு தடவையும் தடயம் அழிந்துவிடுகிறது.

உண்டு. இதைக் கேட்டதற்கு நன்றி, பலர் கேட்பதே இல்லை. அமேசானில் அந்த விஎம்மை ஸ்டாண்ட்பைக்கு மாற்றலாம், அல்லது குரூப்பிலிருந்து டீட்டாச் செய்யலாம். கூகுளில் அபாண்டன் என்ற கட்டளை இருக்கிறது, விஎம் குரூப்பை விட்டு வெளியே வரும், உயிரோடு இருக்கும். அந்த விஎம்மில் த்ரெட் டம்ப் (த்ரெட்கள் எங்கே நிற்கின்றன என்ற பதிவு) எடுங்கள், டிஸ்க்கைப் பாருங்கள், வேலை முடிந்ததும் நீங்களே அழியுங்கள். மறந்தால் பில் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் தூங்கும் நேரத்தில் நடந்தால்? அமேசானில் டெர்மினேட் லைஃப்சைக்கிள் ஹூக் போட்டால், அழிப்பதற்கு முன் இயல்பாக ஒரு மணி நேரம் காத்திருக்கும். அதற்குள் ஒரு ஸ்கிரிப்ட் லாக்கை எஸ்3-க்கு அனுப்பிவிடும். அதைவிட எளிது, லாக் எப்போதும் உடனுக்குடன் வெளியே போய்க்கொண்டே இருக்கட்டும்.

கோவை, பேக்கெண்ட் வேலை: அண்ணா, ஃபயர்வால்தான். 35.191 மட்டும் திறந்திருந்தேன், மற்றது விட்டுப்போயிருந்தது. இப்போது நிற்கிறது. ஆட்டோஹீலிங்கைத் திரும்பப் போடட்டுமா?

மகிழ்ச்சி. இன்றைக்கு வேண்டாம். லோடு பேலன்சர் செக்கோடு மட்டும் ஓரிரு நாள் ஓடட்டும், எத்தனை தடவை தோற்கிறது என்று லாக்கில் எண்ணிப் பாருங்கள். அளந்த டிலேயைப் போல ஒன்றரை மடங்கு வைத்து, அதன் பிறகு போடுங்கள்.