தலைக்கு மேலே தொங்கும் எடை

அன்புள்ள ஐயா,

தமிழ்நாடு, கேரள எல்லையில் களியக்காவிளைக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என் மாமா பாறசாலையில் லைட் அண்ட் சவுண்ட் கடை வைத்திருக்கிறார். பிளஸ் டூ லீவில் இருந்தே அவர்கூட கோவில் உற்சவம், பங்குத் திருவிழா என்று போய்வருகிறேன். முதலில் வயர் சுற்றினேன். இப்போது விளக்குகளை இயக்கும் லைட் போர்டில் உட்கார விடுகிறார். நாடகம் தொடங்கும்முன் எல்லா விளக்கையும் அணைத்து, முதல் வெளிச்சத்தை நான் மெல்ல ஏற்றும்போது வரும் சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

நாடகப் பொறியியல் என்று வெளிநாட்டில் ஒரு படிப்பே இருப்பதாக வாசித்தேன். நம் பக்கத்தில் அப்படி ஒரு வேலை உண்டா? பெண்கள் செய்ய முடியுமா? காலேஜை விட்டுவிட்டு நாடகப் பள்ளியில் சேரட்டுமா? அப்பாவிடம் கேட்டேன். "பந்தல் கட்டவா உன்ன படிக்க வச்சேன்" என்றவர் இரண்டு நாள் பேசவே இல்லை. இளமையில் நாடகக் குழுக்களோடு போனதாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள மகளுக்கு,

என் இளைய மகளுக்கும் உன் வயதுதான். அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

காலேஜை விடாதே. எனக்கு நடந்த ஒன்றைச் சொன்னால்தான் அது ஏன் என்று விளங்கும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. நெய்யாற்றின்கரைக்கும் தக்கலைக்கும் நடுவே கோவில் கோவிலாக ஆடிய ஒரு பாலே குழுவில் சீன் கட்டும் ஆளாக இருந்தேன். பாலே என்றதும் வெளியூர் வாசகர்களுக்கு வேறு ஏதோ நினைவு வரும். எங்கள் பக்கத்தில் அது புராணக் கதையை ஆடிப்பாடி நடிக்கும் நாட்டிய நாடகம். மின்னல் வெட்டும், தேவி மேகத்தில் இருந்து இறங்கி வருவாள். அன்று மேலே தொங்கவிட வேண்டியது ஒரு கோட்டை வாசல். மரச்சட்டமும் பிளைவுட்டுமாகச் சுமார் நூறு கிலோ. மற்ற மேடைகளில் இரண்டு கயிற்றையும் ஏறக்குறைய செங்குத்தாகக் கட்டுவோம். அந்தக் கோவிலில் பந்தல் தாழ்வு. மேலே கட்ட இடமில்லாததால் இரண்டு பக்கத் தூண்களுக்கும் கயிற்றை இழுத்துக் கட்டினோம். கயிறு ஏறக்குறைய படுத்துக் கிடந்தது. அதே கயிறு, அதே வாசல், நேற்று தாங்கியது இன்றும் தாங்கும் என்று நினைத்தேன்.

மூன்றாவது காட்சியில் ஒரு பக்கக் கயிறு அறுந்தது. வாசல் சரிந்து விழுந்த இடத்தில், அதற்குச் சற்று முன்புவரை தோழி வேஷம் கட்டிய ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். யாருக்கும் அடி இல்லை. கூட்டம் கைதட்டியது. அசுரன் கோட்டையை இடித்துவிட்டான் என்று நினைத்திருப்பார்கள். நான் தட்டிக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த சீனை வேறு ஒருவர்தான் இழுத்தார்.

சில மாதம் கழித்து ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர் டீக்கடையில் வைத்து எனக்கு நோட்டுத்தாளில் வரைந்து காட்டினார். நூறு கிலோவை இரண்டு செங்குத்துக் கயிற்றில் தொங்கவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 50 கிலோ பாரம். கயிறுகளுக்கு நடுவில் 120 டிகிரி விரிந்தால் ஒவ்வொன்றும் முழு 100 கிலோவையும் தாங்க வேண்டும். 150 டிகிரி விரிந்தால் 193 கிலோ. வாசலின் எடை ஒரு கிலோகூட ஏறவில்லை, கோணம்தான் மாறியது. கயிறு ஏறக்குறைய நான்கு மடங்கு பாரத்தில் நின்றிருக்கிறது. "லாமி தேற்றம். முதல் வருஷப் பாடம்" என்றார் அவர். நீ அதைப் படித்து, பரீட்சை எழுதி, மறந்தும் போயிருப்பாய். இன்றைக்கே அந்த நோட்டை எடுத்துப் பார்.

உன் அப்பாவிடமும் இதைத்தான் சொல்வேன். ஒரு பந்தலுக்கு அடியில் ஐந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அவர்கள் பத்திரமாக வீட்டுக்குப் போகிறார்கள் என்றால் யாரோ கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள், இல்லையென்றால் அன்றைக்கு எப்படியோ தப்பித்திருக்கிறார்கள். எங்கள் காலத்தில் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டுதான் இருந்தோம். அந்தக் கணக்கைப் போடத் தெரிந்த ஆள் எங்கள் வண்டியில் ஒருவர்கூட இல்லை. நீ அந்த ஆளாக முடியும். படித்த படிப்பை இதைவிட நல்ல காரியத்துக்குச் செலவழிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மனிதரைத் தூக்கிப் பறக்கவிடும் கம்பி அவர் எடையைப்போல் குறைந்தது பத்து மடங்கு தாங்க வேண்டும் என்பது வெளிநாட்டு மேடைகளின் வழக்கம். 60 கிலோ நடிகருக்கு 600 கிலோ. கேட்டால் அதிகமாகத் தெரியும். திடீரென்று நிறுத்தும்போது வரும் உதறல், முடிச்சு போட்ட இடத்தில் கயிறு இழக்கும் வலு (சில முடிச்சுகள் பாதி வரைகூடக் குறைத்துவிடும்), வெயிலிலும் மழையிலும் நைந்த இழை என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார், பத்து எதற்கு என்று விளங்கும். அப்புறம், மேலே மாட்டும் ஒவ்வொரு விளக்குக்கும் கிளாம்ப் தவிர இன்னொரு பாதுகாப்புக் கம்பி இருக்க வேண்டும். மாமாவின் கடையில் அது இல்லையென்றால் நீ போய்க் கேட்க வேண்டிய முதல் விஷயம் அதுதான்.

இந்த விதிகளுக்குப் பின்னால் பெரிய துக்கங்கள் இருக்கின்றன. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோக்வாய் தியேட்டரில், பகல் காட்சியின் நடுவே, ஆர்க் விளக்கின் பொறி ஒரு திரையில் பற்றியது. தீ அரங்குக்குள் பரவாமல் தடுக்க இறக்க வேண்டிய பாதுகாப்புத் திரை பாதி வழியில் சிக்கிக்கொண்டது. 600-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நிறையப் பேர் பெண்களும் குழந்தைகளும். அந்தத் திரை தடையில்லாமல் இறங்குகிறதா என்று காட்சிக்கு முன் இழுத்துப் பார்ப்பது ஒருவருடைய வேலையாக இருந்திருக்க வேண்டும். நீ தேடும் வேலை அது.

கரண்ட் கணக்கும் உனக்குப் பழக்கமாக வேண்டும். 'பார் லைட்' என்னும் ஆயிரம் வாட் மேடை விளக்கு 24 போட்டால் 24,000 வாட். 230 வோல்ட்டில் அது நூறு ஆம்பியருக்கு மேல். மூன்று ஃபேஸிலும் பிரித்தால் ஆளுக்கு முப்பத்தைந்து, வயர் தாங்கும். அவசரத்தில் ஒரே ஃபேஸில் ஏற்றினால் வயர் உருகும். மூன்று ஃபேஸுக்கும் பொதுவான நியூட்ரல் வயர் கழன்றால் இன்னும் மோசம். குறைந்த பாரம் உள்ள ஃபேஸில் வோல்ட்டேஜ் 400 பக்கம் ஏறி, ஆம்ப்ளிஃபையர் முதல் கோவில் டியூப்லைட் வரை எரிந்துபோகும். இப்போது எல்லாம் எல்.இ.டி. ஆகி மின்சாரம் பல மடங்கு குறைந்துவிட்டது, உண்மைதான். ஆனால் மழைக்கால ஈர மண்ணில் எர்த் இல்லாத ஜெனரேட்டர் இன்றும் ஆளைக் கொல்லும். படிப்பு முடிந்த கையோடு வயர்மேன் லைசென்ஸும் எடுத்துவிடு.

சரி, இந்த வேலைக்கு நம் பக்கத்தில் மரியாதை உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். நீ அதை நேராகக் கேட்கவில்லை. உன் அப்பாவின் கோபத்துக்குள் அது இருக்கிறது.

எல்லையில் வளர்ந்த எனக்கு ஒரு பாக்கியம் கிடைத்தது. மலையாள நாடகம் தொடங்கும்முன் மைக்கில் பெயர்களைச் சொல்வார்கள், நீயும் கேட்டிருப்பாய். ரசனா (எழுத்து), சம்விதானம் (இயக்கம்), சங்கீதம் என்று வரிசையாக வந்து, ரங்கபடம் (மேடைச் சீன்) இன்னார், தீபவிதானம் (ஒளியமைப்பு) இன்னார் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வார்கள். சீன் வரைந்தவருக்கும் விளக்கு வைத்தவருக்கும் நாடகம் எழுதியவருக்குச் சமமான குரல். 'ரங்கபடம் ஆர்ட்டிஸ்ட் சுஜாதன்' என்ற அறிவிப்பைக் கேட்டே வளர்ந்த தலைமுறை ஒன்று கேரளத்தில் உண்டு. நான் நடித்தது இல்லை, நடிக்க ஆசைப்பட்டதும் இல்லை. தீபவிதானம் என்ற அந்தச் சொல்தான் என்னை வீட்டில் இருந்து கூட்டிக்கொண்டு போனது. தமிழ் மேடைகளிலும் இந்தப் பெயர்களை இதே நிதானத்தோடு சொல்ல வேண்டும் என்று எத்தனையோ விழாக் கமிட்டிகளிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் கேட்பேன்.

நமக்கு இது புதிதும் அல்ல. சேர நாட்டு இளங்கோ, மாதவியின் அரங்கேற்றத்தைச் சொல்லும்போது ஆட்டத்துக்கு முன் மேடையைத்தான் அளக்கிறார். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். போக ஒரு வாசல், வர ஒரு வாசல். மூன்று விதமான எழினி, அதாவது திரை. அதில் கரந்துவரல் எழினி மேலே மறைந்திருந்து வருவது என்கிறார்கள் உரைகாரர்கள். தூணின் நிழல் ஆடுகிறவர்மேல் விழாமல் விளக்கை வைக்க வேண்டும் என்ற குறிப்பும் இருக்கிறது. போர்டில் உட்கார்ந்து, நடிகையின் முகத்தில் ஏன் இந்தக் கோடு விழுகிறது என்று எழுந்துபோய் ஸ்டாண்டை நகர்த்தியிருப்பாய் அல்லவா? அதே வேலை.

வெளிச்சத்தால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்வது தாபஸ் சென் என்ற கல்கத்தா ஒளியமைப்பாளரை. 1959-ல் மினர்வா தியேட்டரில் உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து தொழிலாளர்கள் மூழ்க வேண்டும். மேடையில் வெள்ளம் ஏறி வருவதை அவர் விளக்கால் காட்டினார்.

இனி படிப்பு. நீ வாசித்தது சரிதான். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டத்துக்குள்ளேயே நாடகப் பொறியியல் ஒரு பிரிவாக இருக்கிறது. நம் நாட்டில் அப்படிப் பெயர் போட்ட பி.இ. தேடி அலையாதே. உன் மெக்கானிக்கல் பட்டத்தை முடி. அதன்மேல் மேடையைப் படி. திருச்சூர் அரணாட்டுக்கரையில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி இருக்கிறது. ஜி. சங்கரப் பிள்ளை 1977-ல் தொடங்கியது. உனக்கு மலையாளமும் தெரியும், ரயிலில் ஒரு பகல் தூரம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைத் துறை உண்டு, சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் தொடங்கியது. டெல்லியின் தேசிய நாடகப் பள்ளி மூன்று ஆண்டுப் படிப்பு, அதில் மேடை வடிவமைப்பையும் ஒளியமைப்பையும் ஊன்றிப் படிக்க வழி இருக்கிறது. நாடகத்தில் ஏற்கனவே வேலை செய்த அனுபவத்தை அங்கே கேட்பார்கள். மாமாவோடு போன இரவுகள் அப்போது பேசும். எந்தத் தேதியில் எந்த மேடை, என்ன விளக்கு, எது தப்பானது, எப்படிச் சரிசெய்தாய் என்று இப்போதே ஒரு நோட்டில் எழுதத் தொடங்கு.

வேலை எங்கே என்றால், நாடகம் மட்டும் சோறு போடும் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். கொச்சியிலும் சென்னையிலும் பெங்களூரிலும் கச்சேரி, கல்யாணம், கம்பெனி விழாக்களுக்கு ட்ரஸ் (விளக்குகளைத் தொங்கவிடும் உலோகச் சட்டம்) ஏற்றும் நிறுவனங்கள் இருக்கின்றன. ட்ரஸில் எத்தனை டன் தொங்குகிறது, அதைத் தூக்கும் செயின் மோட்டார் ஒவ்வொன்றும் எவ்வளவு தாங்குகிறது என்று கணக்குப் போட அவர்களுக்கு ஆள் வேண்டும். புதிய அரங்கம் கட்டுகிறவர்களுக்கு மேடை இயந்திரங்களை வடிவமைக்க ஆள் வேண்டும். வளைகுடாவுக்கு நம் ஊரில் இருந்து வீட்டுக்கு ஒருவர் போகிறார்கள். 2016-ல் திறந்த துபாய் ஆப்பரா அரங்கு நாடக மேடையாகவும், கச்சேரி மண்டபமாகவும், இருக்கையே இல்லாத சமதளக் கூடமாகவும் மூன்று விதத்தில் உருமாறும். அதை உருமாற்றுவது மெக்கானிக்கல் இன்ஜினியரின் வேலை.

பெண்கள் செய்யலாமா என்று கேட்டாய். 1975-ல் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகளில் முதன்முதலாகக் கணினி லைட் போர்டைக் கொண்டுவந்தவர் தாரன் மஸ்ஸர் என்ற பெண். அவருக்கும் முன்னால், ஒளியமைப்பு என்பதே தனித் தொழிலாக அங்கே நிலைபெறக் காரணமானவர்களில் ஜீன் ரோசந்தால் என்ற பெண் முக்கியமானவர். வேலை உன்னால் முடியும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. விழா மைதானத்தில் கழிவறை இருக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு சீன் இறக்கி, லாரியில் திரும்ப வேண்டும். இதற்கெல்லாம் மாமாவிடம் வெட்கப்படாமல் பேசி ஏற்பாடு செய்துகொள். உனக்குப் பின்னால் வரும் பெண்ணுக்கும் அது பயன்படும். இன்னொன்று, ஜூன் வாக்கில் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கினால் உற்சவ மேடைகள் நின்றுவிடும். அந்த மாதங்களில் கையில் காசு இருக்காது. உன் பட்டம் உனக்குச் சோறு போட வேண்டிய காலம் அது.

வருகிற மாசியில் எங்கள் ஊர்க் கோவிலில் எட்டாம் திருவிழா அன்று நாடகம். குழுவின் வண்டி மதியம் மூன்று மணிக்கு வரும். சீன் ஏற்றும் ஆட்கள் எனக்குப் பழக்கம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு அந்த மூன்று மணிக்கே வா. மேடையில் எந்தக் கயிற்றை வேண்டுமானாலும் காட்டி, இது எவ்வளவு தாங்கும் என்று அவர் உன்னிடம் கேட்கட்டும்.

அன்புடன்.