கஞ்சி குடித்தால் மூட்டு வீக்கம் வற்றுமா?

கேள்வி: என் மாமியாருக்கு 62 வயது, முடக்குவாதம். கோதுமைப்புல் சாறும் ஓட்ஸ் கஞ்சியும் வீக்கத்தை வற்ற வைக்கும், ஆய்வகத்திலேயே நிரூபித்துவிட்டார்கள் என்று வாட்ஸப்பில் வந்ததை நம்பி, மூன்று வாரமாக மாத்திரையைத் தொடவில்லை. அந்தச் செய்தி பொய்யா?
– வாசகி, தேனி

பதில்: முதலில் மாத்திரை. இன்றைக்கே அவருடைய மருத்துவருக்குப் போன் போட்டு, மூன்று வாரம் விட்டுப்போனதைச் சொல்லி, எப்படித் திரும்ப ஆரம்பிப்பது என்று கேளுங்கள். நீங்களாக எதையும் எடுத்துக் கொடுக்க வேண்டாம். முடக்குவாதத்தில் வலி அடங்கியிருக்கும்போதுகூட உள்ளே மூட்டு அரிபட்டுக்கொண்டிருக்கலாம், அரித்துப் போனது கஞ்சியால் திரும்பி வராது.

சரி, செய்தி பொய்யா? முழுப் பொய்யாக இருந்தால் எனக்கு வேலை சுலபம். ஓட்ஸில் அவினாந்த்ரமைடு என்ற சேர்மங்கள் இருக்கின்றன, நாம் சாப்பிடும் தானியங்களில் ஓட்ஸுக்கே உரியவை. செல்லுக்குள், வீக்கத்துக்குக் காரணமான அழற்சியைக் கிளப்பிவிடும் என்எஃப் கப்பா பி என்ற புரதத்தை இவை அடக்குவதை ஆய்வகத்தில் பார்த்தது உண்மைதான். ஆனால் அங்கே, பிரித்தெடுத்த சாற்றைத் தட்டில் வளரும் செல்கள் மேல் நேராக விட்டுப் பார்க்கிறார்கள். ஒரு கிலோ ஓட்ஸிலேயே இந்தச் சரக்கு சில மில்லிகிராமிலிருந்து சில நூறு மில்லிகிராம் வரைதான். அப்படியானால் ஒரு கிண்ணம் கஞ்சியில் எவ்வளவு தேறும், அதில் குடல் உறிஞ்சி, கல்லீரல் பிரித்து மேய்ந்தது போக முழங்காலுக்கு என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கோதுமைப்புல்லுக்கும் ஒரு ஆய்வு உண்டு. இஸ்ரேலில், 2002இல் வெளியானது, பெருங்குடல் புண் உள்ள 23 பேர், அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 100 மில்லி சாறு, மற்றவர்களுக்குப் போலிச் சாறு, ஒரு மாதம். போலிச் சாறு குடித்தவர்களைவிட நிஜச் சாறு குடித்தவர்களுக்கு ரத்தப்போக்கு குறைந்தது. நல்ல செய்திதான், ஆனால் அது குடல், இது மூட்டு. 23 பேர் என்பது நம்மூர் மினி பஸ்ஸில் அடங்கிவிடுகிற கூட்டம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர்கள் இந்தச் சாற்றை மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்கவே கூடாது, அதில் வைட்டமின் கே இருக்கிறது.

கஞ்சியை நிறுத்தச் சொல்லவில்லை. ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து தினமும் 3 கிராம் சேர்ந்தால் கெட்ட கொழுப்பைக் கொஞ்சம் குறைக்கும். அதற்கே 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கட்டும்.

கேள்வி: மூன்று வயது மகனுக்கு வறட்டுத் தோல், ராத்திரியெல்லாம் சொறிகிறான். ஓட்ஸ் தண்ணீரில் குளிப்பாட்டலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: தாராளமாக. அதே சேர்மம்தான், ஆனால் இங்கே குடலும் கல்லீரலும் குறுக்கே வருவதில்லை, நேரே தோலில் படுகிறது. மாவாக அரைத்த ஓட்ஸைத் தோல் காக்கும் மருந்துப் பொருளாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003இலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது. சர்க்கரை, மசாலா எதுவும் கலக்காத ஓட்ஸை மிக்ஸியில் நைசாக அடியுங்கள். ஒரு ஸ்பூன் எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் பால் மாதிரி கலங்க வேண்டும், அடியில் தங்கினால் இன்னும் அரைபடவில்லை. அதை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் மெல்ல ஊற்றிவிட்டு, துடைக்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் வறட்சிக்குப் பூசும் களிம்பைத் தடவுங்கள். (பாத்ரூம் தரை வழுக்கும், முதலில் விழப்போவது நீங்கள்தான்.) ஓட்ஸே சில குழந்தைகளுக்கு ஒவ்வாது, அதனால் முதல் நாள் முன்கையில் மட்டும் தடவிப் பாருங்கள். நீர் வடிந்தாலோ மஞ்சளாகப் பொருக்கு கட்டினாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: கேரளாவில் ஞவரக்கிழி செய்துகொண்டேன், முழங்கால் லேசானது. அரிசிக்கு அவ்வளவு சக்தியா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஞவரை ஏறக்குறைய அறுபது நாளில் விளையும் நெல். அந்த அரிசியைக் குறுந்தோட்டி என்ற மூலிகையின் கஷாயத்திலும் பாலிலும் வேகவைத்து, துணியில் மூட்டையாகக் கட்டி, எண்ணெய் பூசிய உடம்பில் சூடாகத் தேய்க்கிறார்கள். இதில் உங்களுக்குச் சுகம் கொடுத்தது அரிசியா, சூடா, எண்ணெயா, தேய்த்தவர் கையா என்று பிரிப்பது கஷ்டம். நான் பாதிக்கு மேல் சூட்டுக்கும் கைக்கும்தான் மார்க் போடுவேன். லேசானது என்கிறீர்கள், சந்தோஷம். மூட்டு சிவந்து, தொட்டாலே கொதிக்கிற நாளில் மட்டும் கிழி வேண்டாம்.