அச்சிட்ட தாள் மண்ணுக்கு ஆகுமா? மாடித்தோட்டக் கேள்வி பதில்

கேள்வி: நாளிதழ் மையில் ஈயம் இருக்கிறது என்று பயமுறுத்துகிறார்கள். கீரைத் தொட்டிக்குப் போகும் மட்கு உரத்தில் நாளிதழைச் சேர்க்கலாமா?

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம் அம்மா. கறுப்பு மையின் நிறம் கரித்தூளிலிருந்து வருகிறது. அது தண்ணீரில் கரையாது. மையில் உள்ள எண்ணெயை நுண்ணுயிர்கள் மெல்லச் சிதைத்துவிடும். ஈயம் பற்றிய அச்சத்துக்கும் காரணம் இருக்கிறது: முன்பெல்லாம் மஞ்சள், ஆரஞ்சு மைகளில் ஈயக் குரோமேட் சேர்த்தார்கள். பரணில் கிடக்கும் அந்தக் கால வண்ண இதழ்களை மட்டும் விலக்கிவிடுங்கள்.

கேள்வி: பஜ்ஜியை நாளிதழில் மடிக்கக் கூடாது என்கிறார்களே. வயிற்றுக்கு ஆகாதது மண்ணுக்கு மட்டும் ஆகுமா?

பதில்: இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016இலும் 2023இலும் இதை எச்சரித்தது. அது சரியான எச்சரிக்கை. பஜ்ஜியின் சூடான எண்ணெய் மையை இளக்கி நேரே வாய்க்குக் கொண்டுவருகிறது. மட்குத் தொட்டியிலோ மாதக்கணக்கில் சிதைவு நடந்த பிறகுதான் உரம் செடியிடம் போகிறது. அதனால் அரைகுறையாக மட்கியதைக் கீரைக்குப் போடாதீர்கள்.

கேள்வி: கடை பில், ஏடிஎம் சீட்டு?

பதில்: வேண்டவே வேண்டாம். நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது வெப்பத்தில் அச்சாகும் தாள். அதன் பூச்சில் பெரும்பாலும் பிஸ்பீனால் வகை வேதிப்பொருள் இருக்கும். தாளோடு பிணையாமல் இருப்பதால் கையிலும் ஒட்டும், ஈரத்திலும் கசியும். நம் உடலின் ஹார்மோன்களைக் குழப்பக்கூடிய பொருள் அது. கண்டக்டரின் கருவியிலிருந்து சுருளாக வரும் டிக்கெட்டும் இதே இனம்தான். பழைய பேப்பர் கட்டிலும் இவற்றைக் கலக்காதீர்கள்.

கேள்வி: கல்யாணப் பத்திரிகை, வழவழப்பான வார இதழ், தினசரி காலண்டர்?

பதில்: காலண்டர் தாள் மெல்லியது, சீக்கிரம் மட்கும். தகரப் பட்டையை மட்டும் கழற்றிவிடுங்கள். வார இதழின் வழவழப்பு பெரும்பாலும் வெள்ளைக் களிமண் பூச்சு. கெடுதல் இல்லை, தாமதம்தான். கல்யாணப் பத்திரிகையில்தான் கவனம் வேண்டும். ஒருமுறை தெரியாமல் ஒன்றைப் போட்டுவிட்டேன். எட்டு மாதம் கழித்து உரத்தைச் சலித்தபோது தாள் மறைந்திருந்தது. பொன்னிறப் பிள்ளையார் மட்டும் பிளாஸ்டிக் சவ்வில் முழுதாக வந்தார். அன்றிலிருந்து மூலையைக் கிழித்துப் பார்க்காமல் எதையும் போடுவதில்லை. சவ்வு இழுபட்டால் ஒதுக்கிவிடுங்கள். காகிதக் கோப்பைக்குள்ளும் இதே சவ்வுதான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அந்தக் கோப்பைக்குத் தடை இருந்தும் வீட்டுக்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது.

கேள்வி: ஆறு மாதமாகியும் நாளிதழ் அப்படியே அப்பிக்கிடக்கிறது. தலைப்புச் செய்தியைக்கூடப் படிக்க முடிகிறது!

பதில்: முழுத் தாளாக அடுக்கியிருப்பீர்கள் தம்பி. நனைந்து ஒட்டிக்கொண்டால் காற்று நுழையாது. மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள், நேர்நேரான பட்டைகளாக வரும். குறுக்கே கிழித்தால் கோணலாகப் போகும். அந்தப் பட்டைகளைக் கசக்கி, காய்கறிக் கழிவோடு கலந்து போடுங்கள். கரிமம் 25 முதல் 30 பங்குக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 1 பங்கு என்ற அளவில் குவியல் நன்றாக மட்கும். தாளில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து இல்லையென்றே சொல்லலாம். தாள் மிகுந்து குவியல் தூங்கினால் புளித்த மோரோ, சாணக் கரைசலோ தெளியுங்கள்.

கேள்வி: பிள்ளைகளின் ஜெராக்ஸ் தாள்கள் மூட்டையாக இருக்கின்றன.

பதில்: அந்த எழுத்து உருகி ஒட்டிய பிளாஸ்டிக் தூள். அவை பழைய பேப்பர் கடைக்குப் போகட்டும். சுத்தமான நாளிதழும் அப்படியே. மீண்டும் தாளாகும் வாய்ப்பு அதற்கு இருக்கிறது. கறிவேப்பிலை ஈரம் பட்டது, மீன் சுற்றியது, அலமாரியில் விரித்துக் கறைபட்டது ஆகியவற்றை உங்கள் தொட்டிக்குக் கொடுங்கள்.