கணவர் பிஸ்டல் வாங்கப் போகிறார், நான் எப்படிப் பழகுவது?

கேள்வி: என் கணவர் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் பெற்றோல் நிலையம் ஒன்றில் இரவு வேலை செய்கிறார். கிரீன் கார்ட் கிடைத்துவிட்டது. தை மாதம் நானும் பிள்ளைகள் இருவரும் (9 வயது, 6 வயது) அங்கே போகிறோம். பக்கத்துக் கடையில் கொள்ளை நடந்த பிறகு, வீட்டுக்கு ஒரு கைத்துப்பாக்கி வாங்கப் போகிறேன், நீயும் பழக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பெண்களுக்குச் சின்ன ரிவோல்வர்தான் லேசாம். எனக்கோ துவக்கைக் கண்டாலே சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்டிக்கொண்டு நின்ற நாட்கள்தான் ஞாபகம் வருகின்றன. எதை வாங்கச் சொல்வது? நடுங்காமல் எப்படிப் பழகுவது? போவதற்கு முன் இங்கேயே யாரிடமாவது பழகலாமா? – ஒரு வாசகி, பாலையூற்று, திருகோணமலை.

பதில்: தங்கச்சி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இங்கே பழக வேண்டாம். நம் நாட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்கப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதிப்பத்திரம் வேண்டும், அதையும் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கென்று அனுமதி பெற்றவர்களைக்கூடத் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லித் திரும்ப ஆராய்ந்தார்கள். இப்படி இருக்கும்போது, தெரிந்தவர் ஒருவர் காட்டித் தருகிறேன் என்றாலும் அந்தப் பக்கமே போகாதீர்கள். விசா கையில் இருக்கிற நேரத்தில் ஒரு பொலிஸ் முறைப்பாடு போதும், எல்லாம் நின்றுவிடும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் ஹூஸ்டனில் 11 வருடம் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவன். அங்கே பிஸ்டல் வாங்கியும் பழகியும் இருக்கிறேன். ஆனால் துவக்கைப் பற்றிய முதல் பாடம் எனக்குத் தம்பலகாமத்தில்தான் கிடைத்தது. மாமாவுக்கு அங்கே வயல் இருந்தது. பன்றிக் காவலுக்கு அனுமதி எடுத்த இரட்டைக் குழல் துவக்கு ஒன்று வைத்திருந்தார். விடியற்காலையில் வயலிலிருந்து வரும்போது படலையிலேயே நின்று அதை நடுவில் மடக்குவார். தோட்டாக்கள் இரண்டையும் எடுத்து மடியில் போட்டுக்கொள்வார். மடங்கிய துவக்கை முழங்கையில் தொங்கவிட்டபடிதான் முற்றத்துக்குள் கால் வைப்பார். அடுப்படியிலிருந்து பார்க்கும் மாமிக்கும் அந்த இரண்டு வெறும் ஓட்டைகள் தெரியும்.

பிஸ்டலில் அந்த வசதி கிடையாது. அது மூடியே இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. பிடிக்குள் இருக்கும் ரவைக்கூட்டைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி வெறுமையாகிவிட்டது என்று மனம் நம்பிவிடும். ஆனால் குழலின் பின்னறையில் ஒரு ரவை அப்படியே இருக்கும். பல வருடம் பழகியவர்கள் கையிலும் விபத்து நடப்பது இந்த இடத்தில்தான். ஆகவே வரிசையை மாற்றக்கூடாது: முதலில் ரவைக்கூட்டைக் கழற்ற வேண்டும், அப்புறம் மேல் சட்டத்தை (குழலுக்கு மேல் முன்பின்னாக நகரும் பகுதி) பின்னுக்கு இழுத்துப் பூட்டி, அறைக்குள் கண்ணால் பார்க்க வேண்டும், சுண்டுவிரலை விட்டும் தடவ வேண்டும். கணவர் ‘இப்போதுதான் பார்த்தேன்’ என்று சொல்லிக் கையில் தந்தாலும் நீங்களும் ஒருமுறை பாருங்கள். அவர் கோபிக்கக்கூடாது என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்த்து மூன்று பழக்கங்கள் வேண்டும். சுட விரும்பாத எதன் பக்கமும் குழல் வாய் திரும்பக்கூடாது. சுடுவது என்று முடிவு செய்யும்வரை விரல் விசைக்கு வெளியே, சட்டத்தின் பக்கவாட்டில் நீட்டியபடி இருக்க வேண்டும். குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அங்கே வீடுகளின் உட்சுவர் நம் ஊர் செங்கல் சுவர் மாதிரி இல்லை. இரண்டு மெல்லிய ஜிப்சம் தகடுகளும் நடுவே பெரும்பாலும் வெறும் இடமும்தான். ரவை அதைத் துளைத்துக்கொண்டு பிள்ளைகளின் அறைக்கே போய்விடும்.

விரலை நீட்டி வைப்பது சின்ன விஷயம் போலத் தெரியும். பயந்தால் கை தானாக மூடிக்கொள்ளும், விரல் விசைக்குள் இருந்தால் அதுவே வெடியாகிவிடும். இதைப் பாலையூற்றில் இருந்தே பழகலாம், அதற்குத் துவக்கு தேவையில்லை. பிள்ளைகளின் விளையாட்டுத் துவக்கை எடுக்கும்போதெல்லாம் விரலை நீட்டியே எடுங்கள். இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும். இன்னொன்றும் செய்யலாம். உப்புவெளிக் கடற்கரையில் நின்று, இரண்டு கைகளையும் நீட்டி, பெருவிரல்களுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி விட்டு, அதற்குள் கோணேசர் மலையைப் பாருங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது மலை இடைவெளிக்குள்ளேயே நிற்கிறதோ, அதுதான் உங்கள் குறி பார்க்கும் கண். வலக்கைக்காரர் எல்லாருக்கும் அது வலக்கண்ணாக இருப்பதில்லை. பயிற்சியாளரிடம் முதல் நாளே இதைச் சொன்னால் அவர் பாதி நேரத்தை மிச்சம் பிடிப்பார்.

அப்புறம் அந்தச் சின்ன ரிவோல்வர். உங்கள் கணவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், கடைக்காரர்களும் பெண்களைக் கண்டதும் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். ஆனால் முதல் துப்பாக்கிக்கு அது சரிவராது. துப்பாக்கி எவ்வளவு லேசோ, கையில் அவ்வளவு பலமாக உதைக்கும். பாரமானது அந்த உதையின் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும். சட்டைப்பைக்குள் அடங்கும் 38 ரிவோல்வர் பெரும்பாலும் ஐந்து ரவைதான் பிடிக்கும். குழல் இரண்டு அங்குலம் இருக்கும். விசையை இழுக்க நாலைந்து கிலோ பலம் வேண்டும், அந்த இழுவையிலேயே குறி அசைந்துவிடும். பத்து வெடி வைத்ததும் உள்ளங்கை நோகும், அடுத்த கிழமை பயிற்சிக்குப் போக மனம் வராது. பயிற்சிக்கே போகாதவர் கையில் துப்பாக்கி இருப்பது எனக்குச் சம்மதமில்லை.

சின்ன ரவை சுடும் 22 காலிபர் பிஸ்டலில் தொடங்குங்கள். அதற்கு உதையும் குறைவு, ரவையும் மலிவு. ஒரு நூறு ரவை அதில் சுட்டபிறகு 9 மில்லிமீட்டர் நடுத்தர அளவுக்கு மாறுங்கள். உதாரணமாக குளொக் 19 ரவைக்கூடு இல்லாமல் ஏறக்குறைய 600 கிராம், கூட்டில் 15 ரவை பிடிக்கும். ஆனால் அதில் தனியாகத் தட்டிவிடும் பாதுகாப்புப் பூட்டு இல்லை, விசையிலேயே இருப்பதுதான். விரல் ஒழுங்கு இல்லாதவர் அதைத் தொடக்கூடாது. மேல் சட்டத்தை இழுக்கக் கைப்பலம் போதாவிட்டால் ஸ்மித் அன்ட் வெஸன் கம்பனியின் ‘ஷீல்ட் ஈசி’ மாதிரி இழுக்க லேசான வில்சுருளுடன் செய்த பிஸ்டல்கள் இருக்கின்றன. எதையும் பெயரை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அங்கே சுடுதளங்களில் வாடகைக்குத் தருவார்கள். மூன்று நான்கை எடுத்துப் பாருங்கள். பிடியை முழுதாகப் பற்றியபடியே விரல் நுனி விசையில் வசதியாகப் படுகிறதா, மணிக்கட்டைத் திருப்பாமல் ரவைக்கூட்டுப் பொத்தானை எட்ட முடிகிறதா என்று பாருங்கள்.

சுடுதளத்துக்குப் போகிற நாளில் கழுத்து மூடிய சட்டை போடுங்கள். இது அழகுக்காகச் சொல்வதில்லை. என் மூன்றாவது வகுப்பில் பக்கத்து ஆளின் பிஸ்டலிலிருந்து பறந்த வெற்று ரவைக்கோது என் கொலருக்குள் விழுந்தது. அடுப்பிலிருந்து எடுத்த சூடு. நான் துள்ளித் திரும்பிவிட்டேன், கையில் ரவை ஏற்றிய பிஸ்டலோடு. பயிற்சியாளர் என் மணிக்கட்டைப் பிடித்து நிலத்தை நோக்கி அழுத்தினார். என் குழல் போயிருக்கக்கூடிய திசையில் ஒரு தாயும் மகளும் நின்றிருந்தார்கள். இன்றைக்கும் அந்த மகள் போட்டிருந்த மஞ்சள் நிறக் காதுமூடி கண்ணுக்குள் நிற்கிறது. கோது சுட்டால் சுடட்டும், குழல் முன்னால்தான் பார்க்க வேண்டும். துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகுதான் கோதை உதற வேண்டும்.

காதுக்கு நுரைப்பஞ்சு அடைப்பானும் மேல்மூடியும் இரண்டும் போடுங்கள். கைத்துப்பாக்கி வெடி ஏறக்குறைய 160 டெசிபல், கோயில் வெடிக்குக் காதைப் பொத்துகிற மாதிரி விரலால் சமாளிக்க முடியாது. கண்ணாடியும் அணியுங்கள். முடிந்ததும் கை முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவிவிட்டுத்தான் பிள்ளைகளைத் தொட வேண்டும், ஈயத் தூசு ஒட்டியிருக்கும். விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் குழலைக் குறியை நோக்கியே வைத்துக்கொண்டு அரை நிமிடம் பொறுங்கள். வழக்கத்தைவிடச் சத்தம் குறைவாக ‘புஸ்’ என்று கேட்டால் அடுத்த வெடி வைக்கவே கூடாது, ரவை குழலுக்குள் சிக்கியிருக்கலாம்.

பயத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நாங்கள் துவக்கின் மறுபக்கத்தில் நின்று வளர்ந்தவர்கள். அந்த நடுக்கத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதைப் பயிற்சியாளரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முதல் வகுப்பை ரவையே இல்லாமல் நடத்தச் சொல்லிக் கேளுங்கள், நல்லவர் உடனே சம்மதிப்பார். கணவரிடம் மட்டும் பழகாதீர்கள். புருஷன் பெண்சாதிக்குள் சொல்லிக்கொடுக்கும்போது குரல் உயரும், துப்பாக்கி கையில் இருக்கும் இடத்தில் அது ஆகாது. இரண்டு மூன்று வகுப்புக்குப் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால், வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த வீட்டில் நீங்களும்தானே படுத்து எழும்பப் போகிறீர்கள்.

சட்டம் சுருக்கமாக. கடையில் மத்திய அரசின் 4473 என்ற படிவம் நிரப்ப வேண்டும், பின்னணி பார்ப்பார்கள். அதில் பொய் எழுதினால் குற்றம். டெக்ஸஸில் 2021 செப்டம்பரிலிருந்து 21 வயதானவர்கள் பெரும்பாலும் அனுமதிப்பத்திரம் இல்லாமலே கைத்துப்பாக்கி கொண்டுபோகலாம். ஆனாலும் அந்த அனுமதிப்பத்திர வகுப்பை இருவரும் எடுங்கள். எங்கே கொண்டுபோகக்கூடாது என்பதை அங்கேதான் ஒழுங்காகச் சொல்லித் தருவார்கள். கடைசியில் 3, 7, 15 யார் (கஜம்) தூரத்தில் 50 ரவை சுட்டுக் காட்ட வேண்டும்.

17 வயதுக்குக் குறைந்த பிள்ளை கைக்கு ரவை ஏற்றிய துப்பாக்கி எட்டும்படி வைத்தால் டெக்ஸஸ் சட்டம் பெரியவரைத்தான் பிடிக்கும். உங்கள் வீட்டில் 9 வயதும் 6 வயதும் இருக்கின்றன. அலுமாரி மேல்தட்டு, தலையணைக்கடி, உடுப்புக்குள் சுற்றி வைப்பது எதுவும் ஒளித்ததாகாது. தீபாவளிப் பலகாரம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற பிள்ளைகள் அவர்கள். எண் அழுத்தித் திறக்கும் இரும்புப் பெட்டியை முதலில் வாங்கி, கட்டில் பக்கத்தில் நிலத்தோடு அல்லது சுவரோடு திருகாணி போட்டு இறுக்கச் சொல்லுங்கள். எண் பிள்ளைகளின் பிறந்த திகதியாக இருக்கக்கூடாது. பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்: எங்கே துவக்கைக் கண்டாலும் தொடாமல் அந்த இடத்தை விட்டு ஓடிவந்து பெரியவரிடம் சொல்ல வேண்டும். இது கூட்டாளி வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

இன்றிரவு கணவர் தொலைபேசியில் வரும்போது எந்த பிஸ்டல் என்று கேட்காதீர்கள். பெட்டியை எந்தச் சுவரில் இறுக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். இறுக்கிய பிறகு ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.